கொம்பு வரை தெரிந்த ஆடு

மனிதர்களில் 'என் மெஷின்ல ஓடுதே' என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கம்பியைப் பிடித்து நசுங்கி நிற்கும் உங்களைப் பார்த்து, "நல்லா காத்து வருதே, ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டு வேர்க்குது?" என்று கேட்டாரே, அவர் இந்த இனம். ஒரே கடையில் ஒரே கல்லில் போட்ட பரோட்டாவை இருவரும் தின்று, நீங்கள் மட்டும் ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு, மறுநாள் முகம் வெளுத்துப் போய் நிற்கையில், "நானும் அதத்தான தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாரே, அவரும்தான். உங்கள் வயிற்றின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அப்படி ஒரு வயிறு இருப்பதையே அவர் நம்புவதில்லை. அவருடைய வயிறு சௌக்கியமாக இருக்கிறது. விசாரணை அத்துடன் முடிந்தது.

தொண்ணூறுகளில் இந்த இனம் பெரும்பாலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் வாழ்ந்தது. கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், புகைந்து போன கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றி வந்து, காயில் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கிணற்றில் இறக்கிப் பொத்தானை அமுக்குவார். உறுமும், தண்ணீர் வராது. மறுபடி தூக்கிக்கொண்டு வருவார். பட்டறைக்காரர் தன் மேஜை மேல் வைத்துச் சுவிட்சைப் போடுவார். கும்மென்று ஓடும். "ஓடுதா?" "ஓடுது." "அப்பறம்?" விவசாயி மோட்டாரைப் பார்ப்பார், பட்டறைக்காரரைப் பார்ப்பார், பட்டறையின் தரையைப் பார்ப்பார். இனி அந்தத் தரையில் கத்தரி நட்டால்தான் உண்டு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இனம் பல்கிப் பெருகியது.

காரணம் எளிது. மோட்டார் எங்கே வைத்தாலும் மோட்டார். கம்ப்யூட்டர் அப்படியல்ல. ஒன்றுக்குள் விண்டோஸ் குடியிருக்கும், இன்னொன்றுக்குள் லினக்ஸ் குடியிருக்கும், இரண்டுக்கும் பழக்கவழக்கம் வேறு. கோப்பு எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும்போது ஒரு வீட்டில் கோடு இந்தப் பக்கம் சாயும், மற்ற வீட்டில் அந்தப் பக்கம் சாயும். ஒரு வீட்டில் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் கூப்பிட்டாலும் சின்ன எழுத்தில் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்கும். மற்ற வீட்டில் எழுத்து மாறினால் அப்படி யாரும் இங்கே இல்லையென்று கதவைச் சாத்திவிடும். ரூபி என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. அதில் எழுதினால் எந்த வீட்டிலும் ஓடும் என்பார்கள். ஓடும்தான். எழுதுகிறவர் தன் வீட்டைத் தவிர இன்னொரு வீடும் உலகத்தில் இருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பார்த்திருந்தால் ஓடும்.

மணிமாறன் நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அவர் திண்டுக்கல் நாகல்நகரில், ஒரு பூட்டுக்கடையின் மாடியில், 'மாறன் சாஃப்ட்வேர்ஸ்' நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டு உள்ளுக்குள் மேஜை ஃபேனைத் திருப்பி விட்டிருப்பார். அவருக்கு வேர்த்தாலும் அதற்கு வேர்க்கக் கூடாது. லினக்ஸ்தான் உள்ளே. நெற்றியில் அதன் சின்னமான பெங்குவின் படம் ஒட்டியிருக்கும். மற்ற மனிதர்கள் 'என் பிள்ளை' என்று சொல்கிற குரலில் அவர் 'என் மெஷின்' என்பார். அதில் அவர் எழுதிய நிரல்கள் எல்லாமே, கண் விழித்ததும், 'ஹோம்' என்ற கோப்புறைக்குள் 'மாறன்' என்ற உறைக்குள் 'புதுசு' என்ற உறையைத் தேடும். வேறு யாருடைய கம்ப்யூட்டரில் மாறன் இருக்கப் போகிறார்? அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. தான் இல்லாத ஒரு கம்ப்யூட்டரை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

வாடிக்கையாளர் வந்து ஓடவில்லை என்று சொன்னால், என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். முதலில் சிரிப்பார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "உக்காருங்க, காட்டுறேன்" என்பார். ஓட்டிக் காட்டுவார். ஓடும். டீ வரும். டீ குடித்து முடிக்கும்போது வந்தவருக்கே தான் எதற்கு வந்தோம் என்பதில் லேசாகச் சந்தேகம் வந்திருக்கும். படியிறங்கும்போது மணிமாறன் பின்னாலேயே வந்து, "கரண்டு சரியா வருதான்னு பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். குறை மின்வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் அய்யலூர் காமராஜ் வந்து சேர்ந்தார்.

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் ஒரு சங்கடம் உண்டு. ஆடு வாங்குகிறவர் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று வாங்குவார். வாங்கிய ஆட்டை இழுத்துக்கொண்டே அடுத்த ஆட்டுக்குப் பேரம் பேச முடியாது. பேரம் படிகிற நேரம் பார்த்துக் கையிலிருக்கும் ஆடு அடுத்தவர் கீரையைத் தின்னப் போய்விடும். அதனால் காமராஜ் சந்தையோரத்தில் ஒரு பட்டி போட்டிருந்தார். சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஆட்டு ஸ்டாண்டு. விட்டுவிட்டுப் போனால் டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் ஆடு. அடையாளத்துக்கு ஆட்டின் முதுகில் சாயப்பொடி பூசுவது வழக்கம். ஆடுகள் சும்மா நிற்குமா? ஒன்றோடொன்று உரசி, விடிந்து வெயில் ஏறுவதற்குள் எல்லா முதுகிலும் எல்லாச் சாயமும் இருக்கும்.

"ஆட்டைப் போட்டோ பிடிச்சு, டோக்கன்லயே அச்சடிச்சுக் குடுத்துட்டா பிரச்சனை தீந்துச்சு தம்பி" என்றார் காமராஜ்.

"ரூபில எழுதிருவோம்ணே. எங்க வேணாலும் ஓடும்" என்றார் மணிமாறன்.

எழுதினார். சோதித்துப் பார்க்க ஆடு கைவசம் இல்லாததால் தன் போட்டோவையே போட்டுப் பார்த்தார். தலை, கழுத்து, கட்டம் போட்ட சட்டை, எல்லாம் டோக்கனில் அழகாக வந்தது. அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, நிரலை சிடியில் போட்டு அனுப்பிவைத்தார். அய்யலூர் பட்டியில் டோக்கன் போடுகிற ஜீவிதாவிடம் இருந்தது விண்டோஸ் கம்ப்யூட்டர். நிரல் மாறன் எங்கே, மாறன் எங்கே என்று தேடி அடம் பிடித்ததால், அந்தப் பெண் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மணிமாறனுக்கு ஒரு வீடு கட்டி, அதற்குள் ஓர் அறை கட்டி, அறைக்குப் 'புதுசு' என்று பெயரும் வைத்தாள். அதன் பிறகே நிரல் சமாதானமானது.

முதல் வியாழன், விடியற்காலை. மணிமாறனின் செல்போன் அடித்தது.

"சார், ஜீவிதா பேசுறேன். ஆடு முழுசா வரமாட்டேங்குது."

"எது வரைக்கும் வருது?"

"கொம்பு வரைக்கும் சார். அதுக்குக் கீழ எல்லாம் சாம்பலா இருக்கு."

"என் மெஷின்ல முழுசா வருதே."

"இங்க வரலையே சார்."

"ஆடு அசைஞ்சிருக்கும்மா."

"அம்புட்டு ஆடுமா சார்?"

"சந்தை ஆடு அப்படித்தான். கரண்டப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டி வாசலில் கூட்டம் நெருக்கியது. காமராஜுக்கு வேறு வழி தெரியவில்லை. கொம்பாவது இருக்கிறதே, கொம்பைப் பார்த்து ஆட்டைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கொம்புள்ள ஆட்டுக்குச் சரி. கொம்பில்லாத செம்மறிகளின் டோக்கனில் கொஞ்சம் வானம் மட்டும் இருந்தது. செம்மறிக்காரர்கள் வானத்தைக் காட்டி ஆட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் சிவனம்மாள் இருந்தார். வடமதுரைப் பக்கம் மல்லி போட்டிருக்கும் குடும்பம். தலைப்பிரசவத்தில் மகள் பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கருங்கிடா தருகிறேன் என்று கருப்புசாமிக்கு நேர்ந்திருந்தார். மகள் பிழைத்துப் பிள்ளையோடு வந்துவிட்டாள். கிடாதான் கிடைக்கவில்லை. வாரா வாரம் சந்தைக்கு வந்து, ஆடுகளின் வாலைத் தூக்கி, குளம்பைப் பிரித்து, காதை மடக்கிப் பார்த்து, எங்கேயாவது ஒரு வெள்ளை முடியைக் கண்டு, பெருமூச்சோடு திரும்பிப் போவார். அன்றைக்குக் கிடைத்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை வெள்ளன வெட்டு, சொந்தபந்தமெல்லாம் கிளம்பியாகிவிட்டது. கிடாவைப் பட்டியில் விட்டுவிட்டு, கழுத்துக்கு மணியும் புதுக் கயிறும் வாங்கிக்கொண்டு வந்து டோக்கனை நீட்டினார். ஓர் ஆடு வந்தது. செவலை ஆடு.

"ஏப்பா, இது என்னோடது இல்ல."

காமராஜ் டோக்கனையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "கொம்பு சரியாத்தானம்மா இருக்கு."

"கொம்பையா சாமிக்கு வெட்டப் போறேன்?"

பட்டி முழுக்கத் தேடினார்கள். கருங்கிடா இல்லை. ஜீவிதா மறுபடி போன் போட்டாள். காமராஜே போனைப் பிடுங்கிக் குரலை உயர்த்தினார். மணிமாறன் ஒன்று செய்தார் பாருங்கள், இந்த இனத்தில் பிறந்த ஒருவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும். ஆடு எங்கே போனது என்று கேட்கவில்லை. அங்கிருக்கும் கம்ப்யூட்டரை வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை. தன் மெஷினைக் கழற்றி, வேட்டியில் சுற்றி, திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அதை உட்கார வைத்து, திரையை மடியில் வைத்துக்கொண்டு, அய்யலூர் வந்து இறங்கினார். எதற்கு? ஓடுகிறது என்று நிரூபிக்க.

பட்டி வாசலில் மேஜை போட்டு, மெஷினை வைத்து, ஜீவிதாவின் கேமராவிலிருந்த படத்தை ஏற்றி ஒரு பொத்தானைத் தட்டினார். டோக்கன் வந்தது. கருங்கிடா. கொம்பு, கண், தாடி, வயிறு, நான்கு குளம்பு, லேசாகத் தூக்கிய வால். சுற்றியிருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? ஓடுது" என்றார் மணிமாறன்.

சிவனம்மாள் திரையை நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இதுதான். இதே கிடாதான்" என்றார். மணிமாறன் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு லேசாகத் தலையாட்டினார்.

"அப்ப கிடா ஒன் மெஷின்ல இருக்கு."

"இருக்கும்மா. முழுசா இருக்கு."

"சரிப்பா. எறக்கி விடு, நேரமாச்சு. பொழுதோட ஊரு போய்ச் சேரணும்."

"அது படம்மா."

"நீதானப்பா காலைலருந்து போன்ல ஒன் மெஷின்ல இருக்கு, ஒன் மெஷின்ல இருக்குன்னு சொன்ன? ஒம் பொட்டிக்குள்ள அது நல்லா இருந்து எனக்கு என்ன செய்ய? நாளைக்கு வெள்ளன அது கோயில் வாசல்ல நிக்கணும்ல."

மணிமாறன் வாயைத் திறந்தார். வழக்கமாக இந்த இடத்தில் டீ வரும். வரவில்லை. சிவனம்மாள் கிடாவுக்கென்று வாங்கிய புதுக் கயிற்றை எடுத்து, மூடியில்லாத மெஷினின் விலா எலும்புக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் பட்டித் தூணில் கட்டினார். "கிடா வந்ததும் இத அவுத்துக்க அப்பு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். சந்தையில் யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. காமராஜ் சட்டம் தெரிந்தவர். பட்டியில் எதைக் கட்டினாலும் டோக்கன் போட வேண்டும் என்று ஜீவிதாவைக் கூப்பிட்டார். அவள் மெஷினைப் படம் பிடித்துத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, டோக்கனை அச்சடித்து மணிமாறன் கையில் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். பெட்டியின் மேல்விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல். பெங்குவினைக் காணோம்.

"என்னம்மா இது? இத வச்சு என் மெஷின எப்படி அடையாளம் பாத்துக் குடுப்பீங்க?"

"என் மெஷின்ல இப்படித்தான் சார் வரும்" என்றாள் ஜீவிதா.

"வேற யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

சிவனம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பட்டிக்குள் ஒரு வெள்ளாடு மெஷின் அருகே போய் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மணிமாறன் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அடுத்தவர் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஒரு டீ ஆறுகிற நேரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. விண்டோஸுக்கு ஒரு பழக்கம். கோப்பைத் திற என்று சும்மா சொன்னால், அதைக் கடிதமென்று எண்ணிப் படிக்கத் தொடங்கும். கடிதம் முடிந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு குறி வைத்திருந்தார்கள். ஆட்டின் படத்துக்குள், கொம்புக்கும் காதுக்கும் நடுவில், அதே குறி தற்செயலாக வந்தால், சரி, கடிதம் முடிந்தது என்று மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடும். 'இது கடிதம் இல்லை, படம், உள்ளபடி எடு' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரூபியில் அதைச் சொல்ல ஒரே ஓர் எழுத்து போதும். லினக்ஸ் வீட்டில் அந்த எழுத்து இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் அவர் அதை ஒரு நாளும் எழுதியதில்லை. இப்போது எழுதினார். பொத்தானைத் தட்டினார். ஜீவிதாவின் மெஷினிலிருந்து ஒரு முழு ஆடு நடந்து வருவது போல வெளியே வந்தது.

காலையில் போட்ட டோக்கன்களையெல்லாம் மறுபடி அச்சடித்தார்கள். சிவனம்மாளிடம் கொடுத்த செவலை ஆட்டின் முழுப் படம் வேறொரு டோக்கனில் இருந்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ராயப்பராஜின் டோக்கன். அவருடைய டிரைவர், மந்தையாக வந்த ஆடுகளைக் கொம்புக் கணக்கில் எண்ணி ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார். காமராஜ் போன் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"ஆமா, ஒண்ணு கருப்பாத்தான் நிக்குது" என்றது ராயப்பராஜின் குரல். "நானும் செவலை வாங்குனதா ஞாபகம். சரி, பிரியாணில நெறமா தெரியப் போகுது?"

"அண்ணே, அறுத்துட்டீங்களா?"

சிவனம்மாள் எழுந்து நின்றுவிட்டார். மணிமாறன் தூணைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்காகவா மெஷினுக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"இன்னும் இல்ல. கத்தி சாணை பிடிக்கப் போயிருக்கு. எதுக்கு?"

பொழுது சாயும் நேரத்தில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய வேனில் கருங்கிடா வந்து இறங்கியது. சிவனம்மாள் வாலைத் தூக்கி, குளம்பைப் பிரித்து, காதை மடக்கிப் பார்த்தார். ஒரு வெள்ளை முடி இல்லை. சந்தோஷத்தில் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மெஷினிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கிடாவுக்குப் போட்டார். "தம்பி, நாளைக்குக் கறிச்சோறு. கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மெஷினுக்குப் பெரிய சேதமில்லை. பெங்குவினை மட்டும் அந்த வெள்ளாடு தின்றிருந்தது.

மணிமாறன் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் கோயில் தோப்பில் பந்தியில் அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தேன். நேற்றைய கதையை எனக்கு அவரே சொல்லிக்கொண்டிருந்தார். எதையும் மறைக்கவில்லை. 'அடுத்தவன் எடத்துல இருந்து பாக்கணும் சார், அதுதான் எல்லாம்' என்று உருக்கமாகச் சொன்னார். அந்த நேரத்தில் எதிர் வரிசைக்காரர் ஒருவர் குழம்பில் உப்பே இல்லையே என்று முகத்தைச் சுளித்தார். மணிமாறன் தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"என் எலையில சரியாத்தான இருக்கு" என்றார்.

இதைப் படித்து நீங்கள் சிரித்திருக்கலாம். நடுவில் ஒரு முறை, நாம் இந்த ரகம் இல்லையே என்று உள்ளுக்குள் சரிபார்த்தும் இருப்பீர்கள். இல்லையென்று வந்திருக்கும். முழுசாக, தலையிலிருந்து குளம்பு வரை, ஒரு குறையில்லாமல் வந்திருக்கும். ஆனால் எந்த மெஷினில் பார்த்தீர்கள்? உங்களுடையதில்தானே? அடுப்படியில் இருப்பவரிடமோ, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடமோ, அவர்கள் பார்வையில் நீங்கள் எது வரைக்கும் தெரிகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கொம்பு கட்டாயம் தெரியும் என்பார்கள்.